பலவீனமான சிக்னல் வந்தால் ரிப்பீட்டர் மூன்று நொடிக்கு ஒருமுறை திறந்து மூடுகிறது: டூப்ளெக்ஸரா, ஆன்டெனாவா?

ரெண்டுமீட்டர் எழுதியது:

வணக்கம் ஓஎம்களே (ஹாம் ரேடியோ நண்பர்களே). ஒரு அலைவரிசையில் கேட்டதை அதே நேரத்தில் இன்னொன்றில் திரும்ப அனுப்பும் 2 மீட்டர் ரிப்பீட்டர் ஒன்றை ஏற்றியிருக்கிறோம். வெளியீடு 145.700, உள்ளீடு 145.100 மெகாஹெர்ட்ஸ். அமைப்பு இப்படி:

டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று என இரண்டு மொபைல் செட். டிரான்ஸ்மிட்டர் 40 வாட்டில் ஓடுகிறது. இரண்டும் ஒரே ஆன்டெனாவைப் பகிர உதவும் டூப்ளெக்ஸர் ஆறு கேவிட்டி (ஃபில்டர் குழாய்), பேண்ட்பாஸ்-பேண்ட்ரிஜெக்ட் வகை (ஒரு அலைவரிசையை விட்டு மற்றதை வெட்டும்). பழையதுதான், நானோவிஎன்ஏ (கையடக்க நெட்வொர்க் அனலைசர்) வைத்து ட்யூன் செய்தது. செட்டுக்கும் டூப்ளெக்ஸருக்கும் நடுவில் ஃபாயிலும் பின்னலும் சேர்ந்த 400 ரக கோஆக்ஸ் ஜம்பர்கள். கோபுரத்தில் 30 மீட்டர் உயரத்தில் ஃபைபர்கிளாஸ் கோலீனியர் ஆன்டெனா. மேலே போவது அரை அங்குல ஹார்ட்லைன், அதன் இரு முனையிலும் அதே 400 ரகத்தில் ஆளுக்கு ஒரு துண்டு. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவில் இருந்து பவர் திரும்பும் அளவைக் காட்டும் எண்) கீழே 1.3.

பலமான ஸ்டேஷன்கள் சுத்தமாக வருகின்றன. தொலைவில் இருந்து கையடக்க செட்டில் யாராவது கூப்பிட்டால் ரிப்பீட்டர் திறக்கிறது, அரை வார்த்தை கேட்கிறது, பிறகு வெறும் கேரியர். மூன்று நொடி கழித்து கேரியர் விழுகிறது, உடனே மறுபடி திறக்கிறது. அவர் பேசி முடிக்கும் வரை இதே கதை. கன்ட்ரோலரில் பிடிடி (டிரான்ஸ்மிட்டரை எழுப்பும்) வயரைப் பிடுங்கிவிட்டு ரிசீவர் ஸ்பீக்கரில் கேட்டால் அதே ஸ்டேஷன் தெளிவாக இருக்கிறது.

ரிசீவருக்கு முன் ப்ரீஆம்ப் (சிக்னல் பெருக்கி) போடலாமா? பவரை 50 வாட்டுக்கு ஏற்றலாமா? அல்லது டூப்ளெக்ஸரையே மாற்ற வேண்டுமா?


கேவிட்டி கிறுக்கன் எழுதியது:

ப்ரீஆம்ப் வேண்டாம், பவரும் வேண்டாம். இரண்டுமே இருக்கிற நோயை வளர்க்கும். டூப்ளெக்ஸரையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

அந்த மூன்று நொடி உங்கள் ஹேங் டைம்தானே? சிக்னல் வந்ததும் ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்து வைப்பது) திறக்கிறது, டிரான்ஸ்மிட்டர் எழுகிறது. எழுந்த கணமே ரிசீவர் செவிடாகிறது, ஸ்கெல்ச் மூடுகிறது. ஆனால் ஹேங் டைம் முடியும்வரை கேரியர் நிற்கும். அதுவரை செவிடும் நீடிக்கும். கேரியர் விழுந்ததும் காது திரும்புகிறது, மறுபடி சிக்னல், மறுபடி செவிடு. ஹேங் டைமை 1 நொடியாக்கிப் பாருங்கள், துடிப்பும் ஒரு நொடிக்கு ஒன்றாகும். இது டீசென்ஸ் (சொந்த டிரான்ஸ்மிட்டரே ரிசீவரைச் செவிடாக்குவது), சந்தேகமே இல்லை. எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கணக்கு. 40 வாட் என்பது +46 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து எண்ணும் டிபி). நல்ல டிரான்ஸ்மிட்டரே 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கேரியரைவிட 145 டிபி கீழே இரைச்சல் கக்கும் என்று வையுங்கள். ரிசீவரின் அகலம் 15 கிலோஹெர்ட்ஸ், அதற்கு 42 டிபி கூட்டினால், சரியாக உங்கள் உள்ளீட்டு அலைவரிசையில் -57 டிபிஎம் இரைச்சல். விஎச்எஃப்பில் எஸ்9 என்பது -93. அதாவது எஸ்9க்கு மேல் 36 டிபி. ரிசீவரின் சொந்த இரைச்சல் தளம் (6 டிபி நாய்ஸ் ஃபிகர் என்றால்) சுமார் -126. டிரான்ஸ்மிட்டர் இரைச்சல் அதற்கும் 10 டிபி கீழே போக வேண்டும். ஆக டூப்ளெக்ஸரின் டிரான்ஸ்மிட் பக்கம் 145.100ல் குறைந்தது 79 டிபி வெட்ட வேண்டும். மொபைல் செட்டின் இரைச்சல் இந்தக் கணக்கைவிட 10 டிபி மோசமாக இருப்பது சாதாரணம், அப்போது 89.

இது ஒரு பக்கம். மறுபக்கம், 145.700 கேரியர் ரிசீவர் வாசலுக்கு வந்து முன்பகுதியை அமுக்குவது. 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 85 டிபி தாங்கும் ரிசீவர் என்றால் -34 டிபிஎம் வரைதான் தாங்கும். அதற்கு ரிசீவ் பக்கம் 145.700ல் 80 டிபி வெட்டு வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 90 டிபிக்கு மேல் இருந்தால் நிம்மதி.

சோதனைக்கு ஒரு டீ செய்துகொள்ளுங்கள். என் டைப் டீ ஒன்றில் பக்கவாட்டுக் கையின் நடு ஊசியை வெட்டி, நேர் வழியைத் தொடாதபடி சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் போதும். அதை ரிசீவருக்கும் டூப்ளெக்ஸருக்கும் நடுவில் வைத்து, பக்கக் கையில் சிக்னல் ஜெனரேட்டர். எத்தனை டிபி இணைப்பு என்று தெரிய வேண்டியதில்லை, நமக்கு வித்தியாசம்தான் தேவை. 1 கிலோஹெர்ட்ஸ் டோன், 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் கொடுத்து, ரிசீவர் ஆடியோவில் 12 டிபி சினாட் (சிக்னல், இரைச்சலையும் சிதைவையும்விட எவ்வளவு மேலே என்பது) வரும் ஜெனரேட்டர் அளவைக் குறியுங்கள். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரைக் கையால் அழுத்துங்கள். சினாட் விழும். ஜெனரேட்டரை ஏற்றி மறுபடி 12க்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு ஏற்றினீர்களோ அதுதான் டீசென்ஸ்.

இதை மூன்று விதமாகச் செய்யுங்கள்.

அ. ரிசீவர் கேபிளை டூப்ளெக்ஸரில் இருந்து கழற்றி, அந்த முனையில் 50 ஓம் டெர்மினேஷன். டூப்ளெக்ஸரின் ரிசீவ் போர்ட்டிலும் ஒரு டெர்மினேஷன், ஆன்டெனா போர்ட்டில் டம்மி லோடு. இதிலும் டீசென்ஸ் இருந்தால் டூப்ளெக்ஸருக்குச் சம்பந்தமே இல்லை. கேபிள் ஷீல்டு, செட்டின் பெட்டி, பவர் வயர் வழியாக ஆர்எஃப் நுழைகிறது.

ஆ. எல்லாவற்றையும் வழக்கம்போல் இணைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு. இங்கே புதிதாக வருவது டூப்ளெக்ஸரின் அல்லது டிரான்ஸ்மிட்டர் இரைச்சலின் பங்கு.

இ. டம்மி லோடை எடுத்துவிட்டு ஆன்டெனா. இங்கே கூடுவது முழுக்க கோபுரத்தின் கணக்கு.

மூன்று எண்களையும் போடுங்கள்.


புதுசு73 எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கைக்குள் அடங்கும் தட்டையான ஆறு கேவிட்டி டூப்ளெக்ஸர் விற்கிறார்களே, "விஎச்எஃப், 50 வாட்" என்று போட்டிருக்கிறது. 2 மீட்டருக்கு அதையே வைத்தால் இந்தப் பெரிய குழாய்கள் எல்லாம் எதற்கு?


சால்டர்புகை எழுதியது:

அது வேற வேலைக்கு. அந்தத் தட்டை டப்பா வெறும் நாட்ச் வகை (ஒரு அலைவரிசையை வெட்ட மட்டும் தெரிஞ்சது), அனுப்புறதுக்கும் வாங்குறதுக்கும் நாலஞ்சு மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிற சேவைக்குச் செஞ்சது. 600 கிலோஹெர்ட்ஸ்னா 145ல் அரை சதவீதம்கூட இல்ல. அவ்வளவு நெருக்கத்துல ஒண்ணைக் கொன்னு இன்னொண்ணை விடணும்னா க்யூ (ஒரு அலைவரிசையைக் கூர்மையாப் பிடிக்கிற திறன்) நிறைய வேணும், க்யூவுக்கு உடம்பு வேணும். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 52 சென்டிமீட்டர். அதான் அந்தக் குழாய்கள் இடுப்பு உயரத்துக்கு நிக்குது. தட்டை டப்பாவை 600 கிலோஹெர்ட்ஸுக்கு இழுத்து ட்யூன் பண்ணினா நாட்ச் ஆழம் பாதியாகும், அனுப்புற பவர்ல பெரும்பங்கு டப்பாவுக்குள்ளேயே சூடாகும். 70 சென்டிமீட்டர் பேண்டுல 5 மெகாஹெர்ட்ஸோ அதுக்கு மேலயோ ஆஃப்செட் இருந்தா தாராளமா வைங்க. அங்கயும் 50 வாட்னு எழுதினதை நம்பி 50 விடாதீங்க.

டூப்ளெக்ஸரே வேண்டாம், ரெண்டு ஆன்டெனா வைக்கிறேன்னு சிலர் வருவாங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணா செங்குத்தா வைச்சா தனிமை (ஒண்ணோட சிக்னல் மத்ததுக்குப் போகாம குறையிற அளவு) 28 + 40 லாக் (தூரம்/அலைநீளம்) டிபி. 60 டிபிக்கு 13 மீட்டர் போதும். 90 வேணும்னா 73 மீட்டர். அப்படி ஒரு கோபுரம் இருந்தா எனக்கும் சொல்லுங்க. 13 மீட்டர் இடைவெளியும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கேவிட்டியும்னு கலந்து செய்யலாம், அது நல்லாவே ஓடும். பக்கவாட்டுல பிரிச்சா கணக்கு இன்னும் கஞ்சம்: 60 டிபிக்கே 160 மீட்டருக்கு மேல.

ரெண்டுமீட்டர், அந்த 400 ரக ஜம்பரை இப்பவே கழட்டிடுங்க, சோதனைக்குக்கூட வேண்டாம். அலுமினிய ஃபாயில் மேல டின் பூசின செம்புப் பின்னல் சும்மா உக்காந்திருக்கு. ஒரே கேபிள்ல அனுப்புறதும் வாங்குறதும் ஒரே நேரத்துல நடக்கும்போது, ரெண்டு உலோகமும் தொட்டுத் தொட்டு விடுற ஒவ்வொரு இடமும் ஒரு சின்ன டயோடு மாதிரி. வெறும் டிரான்ஸ்மிட்டருக்கோ வெறும் ரிசீவருக்கோ அந்தக் கேபிள் அருமையானது, டூப்ளெக்ஸுக்கு மட்டும் ஆகாது. ஒற்றைப் பின்னல் ஆர்ஜி-213, ஆர்ஜி-58 ரெண்டும் கசியும், பெட்டிக்குள்ள அதுவும் வேண்டாம். வெள்ளி பூசின இரட்டைப் பின்னல் போடுங்க: ஆர்ஜி-214, ஆர்ஜி-400, ஆர்ஜி-142 எதுவானாலும் சரி. கனெக்டர் என் டைப். பிஎல்-259 செட்டின் பின்னாடி மட்டும், அதுவும் வேற வழி இல்லன்னா. அடாப்டர் மேல அடாப்டர் போட்டிருந்தா அதையும் கழட்டுங்க.


ரெண்டுமீட்டர் எழுதியது:

அளந்தாயிற்று. டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போது 12 டிபி சினாட் அளவை 0 என்று வைத்து, டீசென்ஸ் எண்கள்:

பழைய ஜம்பருடன்: அ 3 டிபி, ஆ 8 டிபி, இ 18 டிபி.
ஆர்ஜி-214 ஜம்பர் போட்டபின்: அ 0, ஆ 5, இ 14.

ஜம்பரால் மட்டும் இவ்வளவா என்று வியப்பாக இருக்கிறது. ஆவில் மிச்சம் நிற்கும் 5 டிபிக்கு என்ன செய்வது? டூப்ளெக்ஸரை நானோவிஎன்ஏவில் பார்த்தால் நாட்ச் இரண்டு பக்கமும் திரையின் அடிமட்டம் வரை, 70 டிபிக்குக் கீழே இருக்கிறது.


கேவிட்டி கிறுக்கன் எழுதியது:

18 டிபி என்றால் 63 மடங்கு. 50 வாட்டில் கூப்பிடுகிறவர் உங்கள் ரிசீவருக்கு 0.8 வாட்டாகத் தெரிந்திருக்கிறார்.

இந்த "திரையின் அடிமட்டம்"தான் பிடி. நானோவிஎன்ஏ இந்த அலைவரிசையில் காட்டக்கூடிய ஆழமே சுமார் 70 டிபி. அதற்குக் கீழே அது தன் சொந்த இரைச்சலைத்தான் வரைகிறது. நாட்ச் 72ஆ 95ஆ என்று அதற்குத் தெரியாது. மூன்று கேவிட்டியையும் ஒன்றாக வைத்து ட்யூன் செய்திருந்தால், ஒன்று 30 கிலோஹெர்ட்ஸ் விலகி நின்றாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ட்யூன் செய்யும் முன் குற்றவாளி எந்தப் பக்கம் என்று பாருங்கள். கூடுதலாக ஒரு பேண்ட்பாஸ்-பேண்ட்ரிஜெக்ட் கேவிட்டி கடன் வாங்குங்கள். அதை 145.700 விட்டு 145.100 வெட்டும்படி அமைத்து டிரான்ஸ்மிட் பக்கம் சேருங்கள். டீசென்ஸ் போனால் டிரான்ஸ்மிட்டர் இரைச்சல். போகாவிட்டால் 145.100 விட்டு 145.700 வெட்டும்படி மாற்றி ரிசீவ் பக்கம் சேருங்கள். அப்போது போனால் கேரியர் அமுக்குவது. (ரிசீவர் வாசலில் அட்டெனுவேட்டர் வைத்துப் பிரித்தறியலாம் என்று எழுதியிருப்பார்கள். 10 டிபிக்குக் குறைவான டீசென்ஸில் அது ஏமாற்றும்: இரைச்சலால் வரும் 5 டிபியும் 6 டிபி அட்டெனுவேட்டரைப் போட்டதும் 2 டிபியாகக் குறைந்து, அமுக்கல் போல வேஷம் போடும்.)

இனி ட்யூனிங். கேவிட்டிகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். நானோவிஎன்ஏவின் இரண்டு போர்ட்டிலும் 6 அல்லது 10 டிபி பேட் (சிறு அட்டெனுவேட்டர்) வைத்து, பேடுக்கு அப்பால் காலிப்ரேட் செய்யுங்கள். அதன் போர்ட் துல்லியமான 50 ஓம் அல்ல, கேவிட்டி அதைக் கண்டு நகரும். ஸ்வீப் 144.5 முதல் 146.5 வரை போதும். அதற்கு மேல் அகலமாக வைத்தால் நாட்ச் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

டிரான்ஸ்மிட் பக்கத்துக் கேவிட்டி: பெரிய தண்டை நகர்த்தி 145.700ல் ரிட்டர்ன் லாஸ் (திரும்பிவரும் சிக்னல் எத்தனை டிபி குறைவு என்பது) பள்ளத்தைக் கொண்டுவாருங்கள், 20 டிபிக்கு மேல் இருக்க வேண்டும். கடக்கும் உச்சியைப் பார்த்து ட்யூன் செய்யாதீர்கள். உச்சி தட்டையாக இருக்கும், கண் ஏமாறும். பிறகு லூப்பில் இருக்கும் சிறு கெபாசிட்டரைத் திருப்பி நாட்ச்சை 145.100ல் நிறுத்துங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், மூன்று நான்கு முறை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு கேவிட்டியில் 30 டிபி சுற்றி நாட்ச், அரை டிபி சுற்றி இழப்பு வந்தால் நல்ல கேவிட்டி. இழப்பு 1 டிபிக்கு மேல் போனால் உள்ளே விரல் தொடுப்பு கறுத்திருக்கும்.

பூட்டு நட்டை முறுக்கும்போது தண்டு கொஞ்சம் எழும்பும். திரையைப் பார்த்துக்கொண்டே முறுக்குங்கள். முறுக்கியபின் எண் சரியாக வரும்படி, முறுக்கும் முன் அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள்.

கேவிட்டிகளை இணைக்கும் குட்டிக் கேபிள்களின் நீளத்தில் விளையாட வேண்டாம். லூப், டீ, கனெக்டர் எல்லாம் சேர்ந்து மின்னியல் கால் அலையின் ஒற்றைப்படை மடங்காக இருக்கும்படி அமைத்தவை அவை. கெட்டிப் பாலிஎத்திலீன் கேபிளில் கால் அலை 145.4ல் 34 சென்டிமீட்டர், டெஃப்லானில் 36 சுற்றி. டெஃப்லான் கேபிளுக்கு மாற்றினால் அதே நீளத்தில் வெட்டக்கூடாது என்பது இதனால்தான். டூப்ளெக்ஸர் வேறு பேண்டில் இருந்து இறக்கியது என்றால் மட்டும் புதிதாக வெட்டலாம்.

எல்லாம் சேர்த்தபின் கடைசித் திருத்தத்துக்கு உங்கள் ரிசீவரே கருவி. அதன் 12 டிபி சினாட் அளவை நேராக ஜெனரேட்டரில் அளந்து வையுங்கள், -118 டிபிஎம் என்று வைப்போம். இப்போது ஜெனரேட்டரை டிரான்ஸ்மிட் போர்ட்டில், 145.100ல் கொடுங்கள். ரிசீவரை 145.100ல் வைத்து ஆன்டெனா போர்ட்டில் மாட்டுங்கள். மற்ற போர்ட்டில் 50 ஓம். 12 டிபி சினாட் வரும்வரை ஜெனரேட்டரை ஏற்றுங்கள். -23 டிபிஎம் தேவைப்பட்டால் வெட்டு 95 டிபி. குறைவாக இருந்தால் சிக்னலை இரைச்சலின் விளிம்பில் வைத்துக்கொண்டு மூன்று நாட்ச்களையும் முடி அளவு திருப்புங்கள்: சிக்னல் மறையும், ஜெனரேட்டரை ஏற்றுங்கள், மறுபடி மறைய வையுங்கள். ரிசீவ் பக்கத்துக்கு இதையே 145.700ல். இரட்டைப் பின்னல் கேபிள் இல்லாமல் இந்த அளவீடு செய்யாதீர்கள். 90 டிபியை அளக்கும்போது கசிவும் 90 டிபிதான்.

வெப்பம் பற்றி ஒரு சொல். தண்டு இன்வாரா (வெப்பத்தில் அதிகம் நீளாத இரும்பு-நிக்கல் கலவை) என்று பாருங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 23 பங்கு நீளும், 145 மெகாஹெர்ட்ஸில் அது 3.3 கிலோஹெர்ட்ஸ். இரவுக்கும் பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் 100 கிலோஹெர்ட்ஸ் ஓடிவிடும், நாட்ச் கதை முடிந்தது. இன்வார் மில்லியனில் 1.2 தான். குளிர்ந்த அறையில் ட்யூன் செய்து, ஒரு மணி நேரம் முழுக் கேரியரில் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.


ரெண்டுமீட்டர் எழுதியது:

கூடுதல் கேவிட்டியை டிரான்ஸ்மிட் பக்கம் போட்டதும் 5 டிபி காணாமல் போனது. ஆக இரைச்சல்தான். பிரித்துப் பார்த்தால் டிரான்ஸ்மிட் பக்கத்தில் இரண்டாவது கேவிட்டியின் நாட்ச் 45 கிலோஹெர்ட்ஸ் மேலே நின்றிருந்தது. திருத்தியபின் வெட்டு 93 டிபி. கடன் கேவிட்டி இல்லாமலே ஆ இப்போது அரை டிபிக்குள்.

இ மட்டும் 9 டிபி. அதுவும் நிலையாக இல்லை. காற்றடிக்கும்போது கரகரவென்று 15 வரை போகிறது, அமைதியான இரவில் 4. இன்னொன்று, ரிப்பீட்டர் வழியாகக் கேட்டால் எல்லோருடைய குரலும் போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல மந்தமாக இருக்கிறது. இதற்கும் டீசென்ஸுக்கும் தொடர்பு உண்டா?


சால்டர்புகை எழுதியது:

குரல் விஷயம் தனி. எஃப்எம் செட் மைக்கில் வர்ற குரலை ஆக்டேவுக்கு 6 டிபி தூக்கி அனுப்பும், ரிசீவர் அதே அளவு இறக்கும். நீங்க ரிசீவர் ஸ்பீக்கர்ல இருந்து எடுத்து (இறக்கினது), டிரான்ஸ்மிட்டரின் பின்பக்க டேட்டா பின்ல கொடுத்திருப்பீங்க (அது தூக்காது). ரெண்டு முறை இறக்கின மாதிரி ஆச்சு, கேக்குறவரோட செட் ஒரு முறை இறக்குதே. ஒண்ணு டிஸ்கிரிமினேட்டர் ஆடியோவை (ரிசீவர் இறக்குறதுக்கு முன்னாடி இருக்கிறது) எடுத்து டேட்டா பின்ல கொடுங்க. இல்ல ஸ்பீக்கர் ஆடியோவை மைக் பின்ல கொடுங்க. கலக்காதீங்க. டிஸ்கிரிமினேட்டர் எடுத்தா 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற ஃபில்டர் கட்டாயம், இல்லன்னா உள்ளே வர்ற சிடிசிஎஸ்எஸ் டோனும் (ரிப்பீட்டரைத் திறக்குற தாழ்ந்த டோன்) சேர்ந்து வெளிய போய், நீங்க போடுற டோனோட சண்டை போடும். டோன் டீவியேஷன் 600 ஹெர்ட்ஸ் சுற்றி, மொத்தம் 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக்கூடாது.

இன்னொண்ணு: 50 வாட் மொபைல் செட்டை 40ல் ஓட்டுறீங்க. அந்த ஹீட்சிங்க் விட்டு விட்டுப் பேசுறதுக்குக் கணக்கிட்டது. ரிப்பீட்டர்ல ஒரு நெட் (பலர் மாறி மாறிப் பேசுற கூட்டம்) நடந்தா ஒரு மணி நேரம் இடைவெளி இல்லாம கேரியர் நிக்கும். 20க்கு இறக்குங்க, ஃபேனை எப்பவும் ஓட விடுங்க, காத்து ஹீட்சிங்க் மேல மட்டும் அடிக்கட்டும், கேவிட்டி மேல வேண்டாம். 40ல் இருந்து 20ன்னா 3 டிபி, அரை எஸ் யூனிட், யாருக்கும் தெரியாது. எப்படியும் 5 வாட் கையடக்க செட்டைவிட உங்க டவுன்லிங்க் பலம் கூடத்தான். காது கேக்காத ரிப்பீட்டருக்கு வாய் மட்டும் பெருசா இருந்து என்ன பண்ண? டைம்அவுட் 3 நிமிஷம் வைங்க, யாராவது மைக் மேல உக்காந்துட்டா செட் பிழைக்கும்.


மேல்மாடி ஆன்டெனா எழுதியது:

காற்றோடு கூடிக் குறையும் கரகரப்பு என்றால் எங்கோ இரண்டு உலோகங்கள் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நிலையான இரைச்சல் என்றால் வேறு மாதிரி தேடியிருக்க வேண்டும்: எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை), சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், பக்கத்து டிரான்ஸ்மிட்டர். இரண்டையும் கலந்து தேடினால் நாள்கணக்கில் போகும். உறுதிசெய்ய, எல்லாவற்றையும் வெறும் பேட்டரியில் ஓட்டி எண் மாறுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேடும் வரிசை கீழே இருந்து மேலே. முதலில் ஹார்ட்லைனின் கீழ் முனைத் துண்டு, அது இன்னும் அந்த 400 ரகம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றி அளவிடுங்கள். அளந்துகொண்டே ஹார்ட்லைன் கனெக்டரை லேசாக அசையுங்கள், ரப்பர் சுத்தியலால் கோபுரத்தின் காலைத் தட்டுங்கள். சினாட் முள் துள்ளினால் இடம் நெருங்கிவிட்டது. அடுத்தது மேல் முனைத் துண்டு. ஏறுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரின் பவர் வயரையே கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்விட்சை நம்ப வேண்டாம். மேலே ஆன்டெனாவைக் கழற்றி ஹார்ட்லைன் முனையில் டம்மி லோடைத் தொங்கவிட்டு, இறங்கிவந்து அளந்தால் கேபிளா ஆன்டெனாவா என்பது ஒரே சோதனையில் தீர்ந்துவிடும்.

என் ஊகம் ஆன்டெனா. ஃபைபர்கிளாஸ் குழலுக்குள் துண்டு துண்டாக சால்டர் வைத்த கோலீனியர் இருக்கும். காற்றில் குழல் வளையும்போது ஒரு சால்டர் முடிச்சு விரிசல் விட்டால் 20 வாட்டில் அங்கே மிகச்சிறு பொறி பறக்கும். எஸ்டபிள்யூஆர் மீட்டர் இதைக் காட்டாது. சாதாரண சிம்ப்ளெக்ஸ் ஸ்டேஷனில் இதே ஆன்டெனா குறையில்லாமல் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பேசும்போது யாரும் கேட்பதில்லை. ரிப்பீட்டருக்கு மடிப்பு டைபோல் அடுக்கு நல்லது, எல்லா உறுப்பும் டிசியில் கிரவுண்டாக இருக்கும். வாங்கும் முன், 10 மீட்டர் உயரத்தில் ஒரு சாதாரண கால் அலை கிரவுண்டு பிளேனை நல்ல கேபிளில் தற்காலிகமாகக் கட்டி டீசென்ஸ் அளந்து பாருங்கள். பூஜ்யம் வந்தால் பழையதைக் கீழே இறக்கலாம்.

அதிலும் கரகரப்பு இருந்தால் கோபுரமே குற்றவாளி: துருப்பிடித்த கிளாம்ப், கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் தளர்ந்த கை வயர், தொங்கும் சங்கிலி, மேலே மறந்துபோன பழைய மாஸ்ட். துரு மூட்டு ஒரு மிக்ஸர். அருகில் 600 கிலோஹெர்ட்ஸில் மீடியம் வேவ் ஒலிபரப்பு இருந்தால், அது உங்கள் 145.700உடன் துருவில் கலந்து நேராக 145.100ல் வந்து விழும். ரிப்பீட்டரில் செய்தி வாசிப்பார்கள். எந்த ஃபில்டரும் இதற்கு உதவாது, துருவை எடுத்து மூட்டை இறுக்குவதுதான் வழி. கோபுரம் கால்வனைஸ் என்றால் கிரவுண்டுக்கு வெறும் செம்பை அதில் நேராகக் கட்டாதீர்கள், துத்தநாகம் அரித்துப் புது மிக்ஸர் உருவாகும். டின் பூசிய பட்டையும் ஸ்டெயின்லெஸ் கிளாம்பும் போடுங்கள்.

உங்கள் 1.3 எஸ்டபிள்யூஆரையும் சந்தேகப்படுகிறேன். அது கீழே அளந்தது. கேபிளுக்குள் தண்ணீர் போய் இழப்பு 3 டிபி கூடினால், திரும்பிவரும் பவர் போகும்போது 3, வரும்போது 3 என்று 6 டிபி தேய்ந்துவிடும், மேலே 1.8 ஆக இருக்கும் ஆன்டெனா கீழே 1.3 ஆகத் தெரியும். மழைக்காலத்தில் எஸ்டபிள்யூஆர் தானாக நன்றாகிவிட்டது என்றால் மகிழ வேண்டாம். மேலே டம்மி லோடு மாட்டும் அன்றே ஒரு வாட்மீட்டரையும் எடுத்துப் போய், மேலே எத்தனை வாட் வருகிறது என்று பாருங்கள். 30 மீட்டர் அரை அங்குல ஹார்ட்லைனுக்கு 145ல் 1 டிபிக்குள்தான் இழப்பு இருக்க வேண்டும்.

மாற்றியபின் மேலே உள்ள கனெக்டரில் முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், இழுத்து நீட்டி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்புகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து தண்ணீரை வெளியே தள்ளும். அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு வினைல் டேப், அதுவும் கீழிருந்து மேல். கடைசிச் சுற்றை இழுக்காமல் விடுங்கள், இழுத்தால் வெயிலில் சுருண்டு பிரியும். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சொட்டு வளைவும், அதே இடத்தில் ஒற்றைக் கிரவுண்டு தட்டில் இடிக்கான கேஸ் ட்யூப் அரெஸ்டரும். பவர் வயரின் கிரவுண்டும் அதே தட்டுக்கு வரட்டும். தனித்தனிக் கம்பியில் இறக்கினால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையேயான மின்னழுத்தம் உங்கள் செட் வழியாகத்தான் சமனாகும்.

எல்லாம் முடிந்த அன்று இருக்கும் எண்களை டூப்ளெக்ஸர் பக்கத்திலேயே ஓர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள்: டூப்ளெக்ஸருக்கு முன்னும் பின்னும் பவர், திரும்பும் பவர், 12 டிபி சினாட் அளவு, அ ஆ இ மூன்று டீசென்ஸ், அலைவரிசைப் பிழை, டீவியேஷன், பேட்டரி வோல்ட், அறை வெப்பம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று அதே வரிசையில் அளந்து அடுத்த வரியில் எழுதுங்கள். சினாட் அளவு நகராமல் இ மட்டும் 2 டிபி ஏறியிருந்தால் கோபுரத்துக்குப் போங்கள். ஆ ஏறியிருந்தால் கேவிட்டிக்கு. சினாட் அளவே ஏறியிருந்தால், முக்கியமாக இடிக்குப் பிறகு, ரிசீவரின் முதல் டிரான்சிஸ்டருக்கு.


ரெண்டுமீட்டர் எழுதியது:

கீழ்த் துண்டை ஹார்ட்லைன் ஜம்பராக மாற்றினேன்: இ 9ல் இருந்து 6. தற்காலிக கிரவுண்டு பிளேனில் 0. காற்றடித்தும் 0. கோலீனியரை இறக்குகிறோம். ஆடியோவை டிஸ்கிரிமினேட்டரில் இருந்து எடுத்ததும் மந்தம் போய்விட்டது. பவர் 20க்கு இறங்கியது, இதுவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 73 (வாழ்த்துகள்).